கட்டிலுக்கு அடியில் படுத்தவர்

அன்று எனக்கு நைட் டியூட்டி. பெண்கள் வார்டில் முப்பத்தெட்டு நோயாளிகள். பார்த்துக்கொள்ள நானும் ஓர் ஆயாவும். பதினொன்றரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்தேன். மூச்சு சீராக இருக்கிறதா, யாராவது உறங்காமல் புரண்டுகொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பது மனநல வார்டில் எங்கள் வழக்கமான வேலை. பதினேழாம் எண் கட்டில் காலியாக இருந்தது. கழிவறையிலும் ஆள் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. குனிந்து வெளிச்சம் அடித்தபோது, கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் படுத்திருந்தார்.

இருபத்து நான்கு வயது. திடீர் திடீரென்று விழுந்து கைகால் வெட்டி இழுக்கிறது என்று புகுந்த வீட்டார் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ஸ்கேன், மூளை மின்னலைப் பதிவு எல்லாம் எடுத்து, வலிப்பு நோய் இல்லை என்று எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு வார்டில் அவருக்குக் கிடைத்த பெயர் ‘நடிப்பு வலிப்பு’. விழும்போதெல்லாம் பஞ்சில் அம்மோனியா நனைத்து மூக்கருகே காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

“வெளியே வாருங்கள், மேலே படுங்கள்” என்றேன். அசையவில்லை. இரண்டு முறை சொன்னேன். பிறகு டார்ச்சை முகத்தில் அடித்தபடியே கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். அடுத்த நொடி உடம்பு வில்லாக வளைந்தது. பக்கத்து வார்டிலிருந்து இரண்டு ஆண் பணியாளர்களைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள ஊசி போட்டேன். அவருடைய உள்பாவாடை நனைந்து தரையெல்லாம் ஈரம். குறிப்பேட்டில், “நோயாளி ஒத்துழைக்கவில்லை. கிளர்ச்சி நிலை. ஊசி போடப்பட்டது” என்று எழுதினேன். பணிக்கு வந்து நான்காவது ஆண்டு அது. என் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இரவும் அவர் அடியில் போய்ப் படுத்தார். நான் எழுவதற்குள் ஆயா ஒரு பாயை எடுத்துக்கொண்டு போனார். “தரை சில்லென்று இருக்கிறது கண்ணு, இதைப் போட்டுக்கொள்” என்று பாயை உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு கை தூரத்தில் தள்ளி உட்கார்ந்தார். “நான் இங்கேதான் இருக்கிறேன். உனக்கு வர வேண்டும் என்று தோன்றும்போது வா. தோன்றவில்லை என்றால் அங்கேயே தூங்கு.” வேறொன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பையைத் திறந்து, மூடி, அப்படியே இருந்தார். அந்தப் பெண் ஐந்து மணி வரை தூங்கினார். அடுத்த மூன்று இரவுகள் வலிப்பே வரவில்லை.

நான்காவது இரவு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஆயாம்மா, அந்த டார்ச்சை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒன்பது வயதில் படிப்புக்காக ஓர் உறவினர் வீட்டில் விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ராத்திரியில் டார்ச்சின் கண்ணாடியை விரலால் மூடிக்கொண்டு வருவார். விரலிடுக்கில் சிவப்பாகக் கசியும் வெளிச்சத்தைப் பார்த்ததும் இவர் கட்டிலுக்கு அடியில் உருண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வார். அந்த ஆள் கனத்த உடம்புக்காரர். குனிந்து உள்ளே வர முடியாது. அந்தக் குழந்தைக்கு உலகத்தில் இருந்த ஒரே பத்திரமான இடம் அந்த ஒன்றரை அடி உயரம்தான்.

அங்கிருந்துதான் நான் காலைப் பிடித்து இழுத்திருந்தேன், கையில் டார்ச்சோடு.

பத்தொன்பது ஆண்டுகளாக மனநலச் செவிலியராக இருக்கிறேன். இங்கே நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர்களின் அடையாளங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். பயிற்சியில் படித்தது நிறைய. ஆனால் துன்புறுத்தப்பட்டு வளர்ந்தவர்களையும் கவனிப்பாரில்லாமல் வளர்ந்தவர்களையும் பற்றி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்தப் பாயிலிருந்துதான். வார்டில் நமக்குத் தொல்லையாகத் தெரிகிற பல பழக்கங்கள் ஒரு காலத்தில் அந்த நோயாளியை உயிரோடு காப்பாற்றியவை. அதைப் பறிப்பதற்கு முன் பதிலுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

அந்த வலிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் பல இடங்களில் அதை நடிப்பு என்றே பேசுகிறார்கள். எதிர்க்கவும் முடியாமல், ஓடவும் முடியாமல் மாட்டிக்கொண்ட உயிர் உறைந்துபோகும்; மனம் உடம்பை விட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்ளும். சிறு வயதில் திரும்பத் திரும்ப அப்படி நடந்தவருக்கு, பிற்பாடு ஒரு வாசனை, ஒரு வெளிச்சம், ஒரு தொடுகை போதும், அதே நிலை வந்துவிடும். மூளை மின்னலையில் கால்கை வலிப்புக்குரிய மாற்றம் தெரியாது. ஆனால் அவர் வேண்டுமென்று செய்வதில்லை. இப்படி வலிப்பு வருகிற எல்லோருக்கும் இதே போன்ற கடந்த காலம் இருக்கும் என்றும் முடிவு கட்டக் கூடாது. நாமாகக் கதை கட்டி அவர்கள் தலையில் ஏற்றுவது இன்னொரு கொடுமை. முதல்முறை வரும் வலிப்பை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை உண்மையான வலிப்பாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். தலை இடிபடாமல் பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூட்டத்தை விலக்க வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் பேச வேண்டும். “இது ஆஸ்பத்திரி. இன்று செவ்வாய்க்கிழமை, மணி இரண்டு. நான் நைட் டியூட்டி சிஸ்டர். கதவு அந்தப் பக்கம் இருக்கிறது.” இந்த நாலு வாக்கியங்களை மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சொல்வேன். தெளிந்து வரும்போது கால் பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்வேன். குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். “கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடுங்கள்” என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். கண்ணை மூடினால் பழையது வந்து நிற்கும் என்கிறவர்கள் பலர்.

அம்மோனியாப் பஞ்சை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

நம்முடைய அன்றாட வேலைகளையே நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் உடம்பு கூசும். மாத்திரை கொடுத்துவிட்டு, ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்க்க வாயைத் திறக்கச் சொல்கிறோம் அல்லவா? தலைமாட்டில் நின்றுகொண்டு, “வாயைத் திற, நாக்கைத் தூக்கு” என்று ஐம்பது பேருக்கு வரிசையாக அதட்டியவள் நான். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தினமும் இந்த நேரத்தில் மட்டும் குமட்டி வாந்தி எடுப்பாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்தை இரண்டு முறை மாற்றினார்கள். ஒருநாள் ஒரு மாணவச் செவிலியர் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தண்ணீரைக் கையில் கொடுத்து, “முழுங்கின பிறகு நீங்களே காட்டுங்கள், அவசரமில்லை” என்றார். அன்று வாந்தி வரவில்லை. அவள் வாயை யார், எதற்காக, எப்படித் திறக்கவைத்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மருந்தில் குறையில்லை. நாங்கள் நின்ற உயரத்திலும் எங்கள் குரலிலும்தான் குறை இருந்தது.

ஊசியும் அப்படித்தான். புடவையையோ பைஜாமாவையோ நாமே விலக்குவது கை வேகத்துக்கு வசதி. இப்போது சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன்: “ஊசி போடப்போகிறேன், இந்த மருந்தைக் கையிலும் போடலாம், இடுப்பிலும் போடலாம். எங்கே போடட்டும்? பக்கத்தில் யார் இருக்கட்டும்?” எல்லா மருந்துக்கும் இந்த வசதி கிடையாது, இல்லாதபோது இடது பக்கமா வலது பக்கமா என்றாவது கேட்பேன். அரை நிமிடம் கூடுதலாகும். அந்த அரை நிமிடத்தைக் கொடுக்காமல் போய், நாலு பேர் பிடித்து நாற்பது நிமிடம் போராடிய நாட்கள் என் கணக்கில் நிறைய இருக்கின்றன. குளியலறைத் தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் இன்றுவரை எனக்கு முழுத் திருப்தியான வழி கிடைக்கவில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவர் உள்ளே தாழிட்டுக்கொள்ளக் கூடாது. அடிபட்டு வளர்ந்தவருக்கோ தாழ்ப்பாள் இல்லாத கதவு நரகம். திரைச்சீலை போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி ஓர் ஆயா உட்கார்ந்து, நிமிடத்துக்கொருமுறை பேச்சுக் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம்.

கட்டிப்போடுவது பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் வெந்தவர்கள். நான் அப்போது செவிலியர் படிப்பில் இருந்தேன். அந்தச் செய்தித்தாள் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு தனியறையில் அடைப்பதை அடியோடு தடை செய்கிறது. கட்டுவதென்றால், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீட்டாமல் இருக்க வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. பணியாட்கள் குறைவு என்பதற்காகவும் கட்டக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தக் கடைசி வரியை நான் எங்கள் டியூட்டி அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆள் குறைவாக இருக்கும் ராத்திரிகளில் கை, நோயாளியைக் கட்டும் துணிக்கட்டைத் தேடிப் போவதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். கட்டப்பட்ட சில மணி நேரம் நமக்கு ஒரு ஷிப்ட். சின்ன வயதில் கையைப் பின்னால் பிடித்துக் கட்டப்பட்டவருக்கு அது முப்பது வருடம் பின்னால் போய்விடுகிற பயணம்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்னொன்று உண்டு. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவார். பெரும்பாலும் அது பெரிய பலம். ஆனால் துன்புறுத்திய ஆளே பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தால்? “என் பெண்டாட்டிக்கு எல்லாம் நான்தான் சிஸ்டர், அவளுக்குப் பேசத் தெரியாது” என்று ஒவ்வொரு கேள்விக்கும் குறுக்கே வந்து பதில் சொல்பவர்களைக் கவனிக்க வேண்டும். அவர் டீ குடிக்க வெளியே போனதும் நோயாளி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டும். எங்கள் வார்டில் எடை பார்க்கும் இயந்திரத்தை வேண்டுமென்றே ஓர் உள்ளறையில் வைத்திருக்கிறோம். “எடை பார்க்க நோயாளி மட்டும் வர வேண்டும்” என்பது விதி. கதவு சாத்தியதும் கிடைப்பது நான்கு நிமிடம். “வீட்டில் யாரிடமாவது பயமாக இருக்கிறதா?” என்று ஒரே கேள்விதான் கேட்பேன். முதல் நாள் பதில் வராது. மூன்றாவது எடையிலோ நாலாவது எடையிலோ வரும். பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும், மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையமும் இருப்பதை அங்கே வைத்துத்தான் சொல்வேன். தாளில் எழுதிக் கொடுக்க மாட்டேன், அந்தத் தாள் எந்தக் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது. மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சொல்ல ஆரம்பித்தால் வேறு கவனம் வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்” என்று கேட்பார்கள். பாசத்தில் தலையாட்டிவிடத் தோன்றும். ஒருமுறை நான் தலையாட்டினேன். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது எல்லோருக்கும் கட்டாயம்; சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சிறுமி என் முகத்தைப் பார்த்து, “நீங்களுமா?” என்றாள். அதன் பிறகு என்னிடம் மட்டுமல்ல, வார்டில் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. சட்டம் சரியானதுதான், நான் கொடுத்த வாக்குத்தான் தவறு. இப்போது குழந்தை பேச வாயெடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: “நீ சொல்வதை நம்புவேன். உன்னைக் காப்பாற்ற வேண்டி இருந்தால் சில பேரிடம் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம், எப்போது சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன்.” இதைக் கேட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிற குழந்தைகளும் உண்டு, மறுநாள் திரும்பி வருகிறார்கள். வந்தபின் துருவித் துருவிக் கேட்பதில்லை. அவர்கள் வாயில் வந்த சொல்லை அப்படியே, என் சொல் கலக்காமல், நேரம் போட்டு எழுதிவைக்கிறேன். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐப் பற்றி ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லி அனுப்புகிறேன்.

எழுதும் சொல்லைப் பற்றி ஒன்று. “ஒத்துழைக்கவில்லை”, “கவனத்தை ஈர்க்கச் செய்கிறார்”, “பிடிவாதம்” என்ற மூன்றையும் குறிப்பேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். “இரவு 11.40க்கு முகத்தில் வெளிச்சம் பட்டதும் நடுங்கினார்” என்று எழுதினால் அடுத்த ஷிப்ட் செவிலியர் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடிப்பார். “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதினால் துணிக்கட்டை எடுத்து வைப்பார். கை அறுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, பாடம் புகட்டுவதாக நினைத்து மரத்துப்போகும் ஊசி போடாமலே தையல் போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த ஒருவரின் கேஸ் ஷீட்டில் முந்தைய ஷிப்டில் எழுதியிருந்த சொல் “நாடகம்”.

இதையெல்லாம் தினமும் கேட்கிறவர்களுக்கு உள்ளே என்ன ஆகும்? எனக்கு ஒரு காலத்தில் என் மகளைப் பக்கத்து வீட்டுக்குக்கூட அனுப்ப முடியாமல் போனது. கணவர் லைட்டை அணைத்தால் கோபம் வந்தது. மருத்துவரிடமே போய்ச் சொன்னேன். சக செவிலியர்கள் வாரத்துக்கு ஒருமுறை டியூட்டி முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது என்று அப்போது ஆரம்பித்தது இன்னும் நடக்கிறது. தனியாக இருக்கிற செவிலியர்கள் 14416க்குத் தயங்காமல் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; நோயாளிகளுக்கு மட்டுமானதில்லை.

இதுவரை எழுதியது எல்லாம் ‘நடந்ததை’ப் பற்றி. புறக்கணிப்பில் எதுவும் நடப்பதில்லை. அதனாலேயே அது நம் கண்ணில் படுவதுமில்லை. ஆண்கள் வார்டில் எனக்கு அது புரிந்தது.

நாற்பத்து மூன்று வயது. கடுமையான மனச்சோர்வு என்று, அவர் வேலை பார்த்த டீக்கடைக்காரர் கொண்டுவந்து சேர்த்தார். இப்படி ஒரு நோயாளி கிடைக்க மாட்டாரா என்று நாங்கள் பேசிக்கொள்வோம். கொடுத்ததைச் சாப்பிடுவார், சொன்ன நேரத்தில் படுப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். ஒன்பதாம் நாள் விரிப்பு மாற்றும்போது ஒரு வாடை அடித்தது. எங்கேயோ வெளியில் போட்ட ஊசி இடுப்பில் சீழ் கோத்து, உள்ளங்கை அகலம் வீங்கியிருந்தது. காய்ச்சல் 102. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாமல் எத்தனை ராத்திரி உட்கார்ந்தே இருந்தாரோ! “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. அவர் உண்மையாகவே குழம்பிப்போய், “அதைச் சொல்லலாமா சிஸ்டர்?” என்று கேட்டார்.

மூன்று வயதில் அம்மா போய்விட்டார். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம். பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று கொல்லைப்புறத் தாழ்வாரங்களில் வளர்ந்தவர். “யாரும் என்னை அடித்ததே இல்லை. நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்” என்று அவர்களுக்காகப் பரிந்து பேசினார். ஏழு வயதில் காய்ச்சலோடு மாட்டுக்கொட்டகையில் மூன்று நாள் கிடந்ததையும், பால்காரர் பார்த்துத்தான் வீட்டாருக்குத் தெரிந்ததையும் அதே குரலில், குற்றச்சாட்டே இல்லாமல் சொன்னார். அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துவிட்ட குழந்தை அழுவதை நிறுத்திவிடும். பிறகு வலிப்பதே தெரியாததுபோல் ஆகிவிடும். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி, 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அதில் பையன்கள் பெண் குழந்தைகளைவிடக் குறைவில்லை. அந்தப் பையன்கள் எல்லாம் இப்போது எங்கே? ஆண்கள் வார்டில் நாங்கள் கேட்டதே இல்லை. புறக்கணிப்பைப் பற்றி அதைவிடக் குறைவாகக் கேட்டிருக்கிறோம்.

இவரிடம் “ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. கூப்பிட மாட்டார். “ஏதாவது வேண்டுமா?” என்றாலும் “வேண்டாம்” என்பதுதான் பதில். ஆகவே கேள்வியை மாற்றினோம். “வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?” “ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா?” முதல் இரண்டு நாள், “உங்களுக்கு எது வசதியோ” என்றார். மூன்றாம் நாள், “வெந்நீர்” என்றார். காலை எட்டு, நண்பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று நேரம் குறித்து, அவர் கூப்பிடாமலே போய்ப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றோம். ஒருநாள் அவசர நோயாளி ஒருவர் வந்துவிட, நான்கு மணிக்குப் போகவேண்டிய நான் ஐந்தரைக்குப் போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று உறுதியானதுபோல் இருந்தது. அன்றிலிருந்து, போக முடியாவிட்டால் ஆயாவிடமாவது சொல்லி அனுப்பினேன்: “சிஸ்டர் மறக்கவில்லை, வேலையில் இருக்கிறார், வந்துவிடுவார்.”

மார்கழிக் குளிர். இருபத்து ஆறாம் நாள் டியூட்டி முடித்துப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்கு அருகில் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். பிறகு திரும்பவும் வந்தார்.

“சிஸ்டர், போர்வை கொஞ்சம் மெல்லியதாக இருக்கிறது. இன்னொன்று கிடைக்குமா?”

ஸ்டோர் பூட்டியிருந்தது, சாவிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்து வார்டில் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன்.